பின்வரிசையில் என் பெண்

ஒரு குழந்தை வாத்தியம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் வீடே சேர்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வயலின் உள்ள வீட்டுத் தாய்மார்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். முதல் ஆறு மாதம் காதுக்குப் பெரிய சோதனை!

நாங்கள் கும்மிடிப்பூண்டிவாசிகள். என்னவருக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடித்து அவர் பகலில் தூங்கும்போதுதான் பெண் சாதகம் செய்தாக வேண்டும். வயலினின் குதிரை மேல் மாட்ட ஒரு சின்ன ரப்பர் துண்டு கடையில் கிடைக்கிறது, மியூட் என்பார்கள். மாட்டினால் சத்தம் நன்றாக அடங்கிவிடும். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நான் குழம்பு தாளிக்க, அவள் வாசிக்க, இரண்டு வருஷம் ஓடிற்று. ஞாயிறுதோறும் மின்சார ரயிலில் 45 கிலோமீட்டருக்கு மேல் போய், சென்னையில் ஒரு சிறுவர் இசைக்குழுவோடு ஒத்திகை.

பெண் ஏழாம் வகுப்புக்கு வந்ததும் என் மாமியார் பேச்சை எடுத்தார். "பொட்டப் புள்ளைக்கு இது எதுக்கும்மா? வெள்ளைக்காரன் பாட்டு நமக்கு எதுக்கு? இதெல்லாம் காசு இருக்கிறவங்க சமாச்சாரம்." என்னவரும் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். கச்சேரி முடியட்டும், அப்புறம் நிறுத்திவிடலாம் என்று முடிவாயிற்று.

கச்சேரிக்கு அத்தையையும் அழைத்துப் போனோம். முப்பது குழந்தைகள் போல இருந்தார்கள். என் பெண் இரண்டாம் வயலினில், கடைசி வரிசை. முதலில் சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெண்மணி தனியாக வயலின் வாசித்தார். கைதட்டல் வாங்கியதும் சபையில் போய் உட்காராமல், குழந்தைகளோடு ஒரு ஓர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து பதினாலு வயதுப் பையன் ஒருவன், விவால்டியின் ஏ மைனர் கான்செர்ட்டோ. நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன் நடுவில் மறந்துபோய் நின்றுவிட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நடத்துநரின் கை நிற்கவில்லை. பின்னால் இருந்த குழந்தைகளும் நிற்கவில்லை. தங்கள் பகுதியை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண்மணி ஓரத்திலிருந்து அவன் விட்ட இடத்தை மெல்லிசாக எடுத்துக் கொடுத்தார். பையன் பிடித்துக்கொண்டான். சபையில் பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது.

அன்று திரும்பும் ரயிலில் அத்தையின் மூன்று கேள்விகளுக்கும், எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அந்த விவால்டியே 1703 முதல் வெனிஸ் நகரில், பியெட்டா என்ற ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் பெண்பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தவர்தான். அந்தப் பெண்களின் இசைக்குழுவைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள்.

வெள்ளைக்காரன் பாட்டா? நமக்குப் பக்கத்தில், இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறதே, அந்த மணலியில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. ஆதரித்தவர்கள் மணலி முதலியார் குடும்பத்தார். கோட்டையில் வாசித்த ஆங்கிலேயரின் பேண்டைக் கேட்ட தீட்சிதர், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். குழந்தைகள் இன்றும் பாடும் நோட்டு ஸ்வரங்கள் அவைதாம். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்தில் சேர்த்தார். இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா?

காசு விஷயமும் அப்படித்தான். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளியில் உருவான சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தரவென்றே அமைந்தது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மீஞ்சூர் தாண்டியதும் சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும்மா. அந்தப் பையன் நின்னுட்டான். ஆனா நம்ம புள்ளைங்க ஒண்ணுகூட வில்லைக் கீழ வைக்கலியே!"

நான் சொன்ன சரித்திரத்தைவிட அதுதான் அவர் மனதில் நின்றிருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை எலுமிச்சை சாதம் கட்டித் தந்தது அவர்தான்.

இளம் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. வயலினில் கால், அரை, முக்கால் என்று சின்ன அளவுகள் உண்டு. கை வளர வளர மாற்ற வேண்டும் என்பதால் முதலில் புதிதாக வாங்காதீர்கள், பழையதோ வாடகையோ போதும். தினம் இருபது நிமிஷ சாதகம் தவறாமல் நடக்கட்டும். கழுத்தோ தோளோ வலிக்கிறதென்றால் உடனே ஆசிரியரிடம் பிடியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தனியாக வாசிக்கும் இடம் எப்போது கிடைக்கும் என்று அவசரப்படாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு காத்திருந்து, முன்னால் நிற்பவன் தடுமாறும்போது தாளம் தப்பாமல் தாங்கிப் பிடிப்பதும் பெரிய படிப்புதான். குடும்பம் நடத்தும் நமக்கு அதன் அருமை தெரியாதா என்ன?