பனிமலைக்கு முன்

உத்தரகண்டின் கேதார்காந்தா சிகரம் ஏறத்தாழ 12,500 அடி உயரமுடையது. பனிக்காலத்தில் சாங்க்ரி என்னும் சிற்றூரிலிருந்து, கூடாரங்களில் தங்கித் தங்கி நான்கைந்து நாள் நடக்கவேண்டும். சமவெளியினர் குளிரையே பகையெனக் கருதுவது இயல்பு. உண்மைப் பகை ஈரம். வெயில் நாட்டில் நம்மைக் காத்த பருத்தி அங்கே உதவாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்ற கணமே உடற்சூட்டைப் பறித்துவிடும். உடலையொட்டி மெல்லிய கம்பளி ஆடை, அதன்மேல் வெப்பங்காக்கும் உடுப்பு, வெளியே காற்றையும் பனியையும் தடுக்கும் மேலங்கி. நடக்கத் தொடங்குமுன் ஒன்றைக் கழற்றிவிட்டு, சற்றே குளிருடன் புறப்படுவதே முறை. உறங்குவதற்கென ஓர் இணைக் காலுறை நனையாதிருக்கவேண்டும்.

பங்கு இளைஞர் சிலருடன் செல்லத் துணிந்தபோது, மூன்று மாதம் மணிக்கூண்டுப் படிகளில் சுமையுடன் ஏறி இறங்கினோம். காலணியும் அப்போதே காலுக்குப் பழகிற்று. (புதுக் காலணியுடன் மலையேற வருவோரைக் கண்டால் இரக்கமே தோன்றுகிறது.)

ஆயினும் நெடுநேரம் பேசியது வேறொன்றைப் பற்றி. உயரத்தில் தலைவலியும் குமட்டலும் கண்டால் மேலே ஏறலாகாது. மிகுந்தால் இறங்குவதே மருந்து. இளைஞரோ அதை மறைப்பர். பணம் கட்டியாயிற்று, நண்பர் நகைப்பர் என்ற எண்ணம். எனவே எவர் தலைவலி என்றாலும் மறுபேச்சின்றி உடன் இறங்குபவர் நாமே எனப் புறப்படுமுன்பே அறிவித்தோம்.

இரண்டாம் முகாமில், மாலையில், கூட்டத்தில் இளையவன் கூடார வாயிலில் வந்து நின்றான்.

"சாமி, தலை வலிக்குது. வாந்தியும் வருது."

மற்றவரை வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளூர்த் துணைவர் ஒருவருடன் வெளிச்சம் இருக்கையிலேயே இறங்கினோம். சிகரம் அன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது.