அன்னம்மாளிட்ட போறம்

கற்பிட்டிப் பக்கத்து ஆக்களுக்கு ஒகஸ்ட் என்றால் தலவிலத் திருவிழாதான் ஞாபகம் வரும். மார்ச்சிலும் ஒரு திருவிழா உண்டு. அந்த நாட்களில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரிடமாவது எங்கே போறீங்க என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு விதமாகப் பதில் வரும். "தலவிலக்குப் போறம்" என்பார்கள். இல்லாவிட்டால் "அன்னம்மாளிட்ட போறம்" என்பார்கள். ஏறுகிற பஸ்ஸும் இறங்குகிற இடமும் ஒன்றுதான். ஆனால் முதல் வசனத்தில் "க்கு" வருது, மற்றதில் "இட்ட" வருது. இரண்டையும் மாற்றிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள்: "அன்னம்மாளுக்குப் போறம்", "தலவிலயிட்ட போறம்". ஐந்து வயசுப் பிள்ளை கூடச் சிரிக்கும். அந்தப் பிள்ளைக்கு இதை யாரும் இலக்கணம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது பல்கலைக்கழகத்து ஆங்கில வகுப்பால். கலைப்பீடத்தில் தமிழ்மூலம் படிக்கிற எங்களுக்கு ஆங்கிலம் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். சிங்களப் பொடியன்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் "கடுவ". அதாவது வாள். வைத்திருக்கிறவன் வீசுவான், இல்லாதவன் வெட்டு வாங்குவான். எங்களுக்கு அப்படி ஒரு சொல் இல்லையே தவிர, வெட்டு ஒன்றுதான்.

என்னோட படிக்கிற ஒரு தோழி, கடற்தொழில் செய்கிற குடும்பம். "உங்கள் ஊர்த் திருவிழா" என்று ஒரு பந்தி எழுதச் சொன்னார்கள். அவள் ஆசையாக ஒரு பக்கம் எழுதினாள். முதல் வசனம்: "வீ கோ டு சென்ட் ஆன் எவ்ரி ஒகஸ்ட்." ஆன் என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே "அப்பாஸ்ட்ரபி எஸ்" என்று ஒரு குறிப்பு. "ஆன்ஸ்" என்று வரணுமாம். ஏன் என்று எழும்பிக் கேட்டாள். "அது அப்படித்தான், பாடமாக்குங்க" என்று பதில் வந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை.

உண்மையில் அது "அப்படித்தான்" இல்லை. அதற்குக் காரணம் இருக்கு. அந்தக் காரணம் எங்கட வாயிலேயே இருக்கு.

ஆங்கிலத்தில் "சென்ட் ஆன்ஸ்" என்றால் "ஆன் அம்மாளுடைய" என்று அர்த்தம். அவவுடைய எது? கோயில். அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், கேட்கிறவருக்கு விளங்கும் என்று. "கோ டு த டொக்டர்ஸ்" என்றால் டொக்டருடைய இடத்துக்குப் போ. "கோ டு மை ஆண்ட்டிஸ்" என்றால் மாமியுடைய வீட்டுக்குப் போ. அப்பாஸ்ட்ரபிக்குப் பின்னால் ஒரு வீடோ, கடையோ, கோயிலோ ஒளிந்திருக்கு. கொழும்பில் "சென்ட் ஜோசப்ஸுக்கும் சென்ட் பீட்டர்ஸுக்கும் மேட்ச்" என்கிறபோது அதில் ஒளிந்திருப்பது கல்லூரி.

இப்ப தமிழைப் பாருங்கள். "இட்ட" என்று நாங்கள் பேசுவதை எழுத்தில் "இடம்" என்று எழுதுவோம். அன்னம்மாளிடம், வைத்தியரிடம், மாமியிடம். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வேற்றுமை உருபு என்று படித்து, மூன்று புள்ளி வாங்கி, மறந்துபோன அதே "இடம்". அது வேறு என்ன? இடம்தான்! அன்னம்மாள் + இடம். ஆங்கிலம் ஒளித்து வைக்கிற அந்த இடத்தைத் தமிழ் வெளியிலேயே வைத்திருக்கு. பார்த்துப் பார்த்துப் பழகினதால் எங்களுக்குத்தான் தெரியாமல் போச்சு.

தமிழுக்கு இதில் ஒரு பிடிவாதம் இருக்கு. ஊருக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம். ஆனால் ஒரு ஆளுக்குப் போக முடியாது. ஆளிடம்தான் போகலாம். "அம்மாக்குப் போறன்" என்றால், அம்மாவுக்குப் பதிலாக வேறு எங்கேயோ போகிற மாதிரி இருக்கும். பேச்சில் "கிட்ட" என்றும் சொல்லுவோம். கிட்ட என்றால் பக்கத்தில்.

எங்கட கரையில் பாதிப் பேர் சிங்களமும் பேசுவார்கள். அங்கேயும் இதே கதைதான். டொக்டரைப் பார்க்கப் போவதைச் சிங்களத்தில் "டொஸ்தர லங்கட்ட யனவா" என்பார்கள். லங்க என்றாலும் பக்கம்தான். இன்னும் தூரம் போனால் பிரெஞ்சில் இதற்கென்றே "ஷே" என்று ஒரு சொல் இருக்கு. டொக்டரிடம், நண்பனிடம் போகிறதுக்கெல்லாம் அதுதான். அது வீடு என்று பொருள்படும் "காசா" என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. மனுசரை நோக்கிப் போவதைச் சொல்ல, ஒரு மொழி இடத்தைப் பிடிக்குது, ஒன்று பக்கத்தைப் பிடிக்குது, ஒன்று வீட்டைப் பிடிக்குது, ஆங்கிலம் உடைமையைப் பிடிக்குது. இதில் வாளும் இல்லை, வெட்டும் இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் "கோ" என்ற வினை கொஞ்சம் வசப்படும். நானும் அவளும் நூலகத்தில் இருந்து எழுதிப் பார்த்தோம். "கோ டு மை அங்கிள்ஸ்" என்றால் மாமா வீட்டுக்குப் போவது. "கோ பாஸ்ட் மை அங்கிள்ஸ்" என்றால் மாமா வீட்டைத் தாண்டிப் போவது. "ஃப்ரொம் மை அங்கிள்ஸ்" என்றால் மாமா வீட்டில் இருந்து. முன்னால் வருகிற சின்னச் சொல் திசையைச் சொல்லுது, பின்னால் வருகிற எஸ் இடத்தைச் சொல்லுது. ஆனால் "கோ வித் மை அங்கிள்" என்றால் எஸ் வராது. ஏனென்றால் கூட வருவது மாமாதான், அவருடைய வீடு இல்லை.

எல்லா எஸ்ஸுக்குப் பின்னாலும் வீடு ஒளிந்திருக்காது. "கோ அகெய்ன்ஸ்ட் மை ஃபாதர்ஸ் விஷஸ்" என்றால் அப்பாவின் விருப்பத்துக்கு எதிராக நடப்பது. இங்கே எஸ்ஸுக்குப் பிறகு விருப்பம் என்ற சொல் வெளியிலேயே நிற்குது. அதை விட்டுவிட்டால் வசனம் விழுந்துவிடும். ஆகவே ஒரு சின்னச் சோதனை: எஸ்ஸுக்குப் பின்னால் வீடு, கடை, கோயில் என்று ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால், அந்தச் சொல்லை விடலாம்.

காதுக்கு இது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு டொக்டருடைய இடம் என்றாலும், நாலு டொக்டர்கள் என்றாலும், கேட்பது "டொக்டர்ஸ்" மட்டும்தான். வெள்ளைக்காரனே இந்தக் குறியோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போனான். இங்கிலாந்தின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012இல் தன் பெயரில் இருந்து அப்பாஸ்ட்ரபியை எடுத்துவிட்டது. 1844இல் தொடங்கிய எங்கட நாட்டு கார்கில்ஸின் பெயர்ப்பலகையிலும் இப்ப அது இல்லை. கல்கிசை சென்ட் தோமஸ் கல்லூரி குறியை வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வரவேண்டிய எஸ்ஸை எழுதுவதில்லை. இவ்வளவு பேர் இவ்வளவு விதமாக எழுதுகிற ஒன்றுக்காக ஒரு பிள்ளையைச் சிரிப்பது நியாயமா?

அவளுடைய அந்த வசனத்துக்குத் திரும்ப வருகிறேன். நான் விளங்கப்படுத்தி முடித்த பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "சரி, அது கோயிலுக்குப் போறது. நாங்க கட்டடத்தைப் பாக்கவா போறம்? அவவிட்டதானே போறம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆங்கிலத்தில் "கோ டு மை அங்கிள்" என்று எஸ் இல்லாமல் சொன்னாலும் பிழை இல்லை. ஒரு உதவிக்காக மாமாவிடம் போகிறேன் என்று ஆகும். "கோ டு த டொக்டர்" என்பதும் சரி, "டொக்டர்ஸ்" என்பதும் சரி. முதலாவதில் ஆள், மற்றதில் இடம். திருவிழாவைப் பற்றிய பந்தியில் எந்த ஆங்கிலேயரும் "சென்ட் ஆன்ஸ்" என்றுதான் எழுதுவார். அந்தத் திருத்தம் பிழை இல்லை. ஆனால் அவள் நினைத்ததும் பிழை இல்லை. மரத்தடியில் சொரூபத்தைக் கண்ட போர்த்துக்கேயனின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். வலை வெறுமையாக வந்த நாட்களில் அவளுடைய அம்மா "அன்னம்மாளிட்ட போய்ச் சொல்லுவம்" என்றுதான் சொல்லுவா. அதில் கட்டடம் எங்கே இருக்கு?

அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு நிமிசம் செலவழித்து, "நீ சொல்ல வந்தது ஆளை, இங்கே ஆங்கிலம் கேட்பது இடத்தை" என்று சொல்லியிருந்தால் போதும். அவள் ஒரு விதியையும் படித்திருப்பாள், தன் தமிழையும் மதித்திருப்பாள். அதற்குத் தமிழில் விளக்க வேண்டியிருக்கும். ஆங்கில வகுப்பில் தமிழே வரக்கூடாது என்று நினைக்கிற இடங்களில் அது நடக்காது.

நாளைக்கு ஒரு நேர்முகத் தேர்வில் எங்களை வெட்டுவது இந்த அப்பாஸ்ட்ரபி இல்லை, வாய் திறக்கப் பயப்படுகிற அந்தப் பழக்கம்தான். முதலாம் ஆண்டுக்கு வருகிற தம்பி தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால், ஆங்கில விதி ஒன்று விளங்காதபோது "இதை நான் ஊரில எப்படிச் சொல்லுவன்?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காது. ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகக் கிடைக்கும்.