மாலத்தீவில் ஒரு டீச்சர் – 4: கூப்பிடு தூரத்து ஊர்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மாலே. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போக ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். மாலேக்கு அப்புறம் உள்ள கணக்கை நான் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. என் பள்ளிக்கூடம் வடக்கே ஹா தாலு பவழத்தீவுக் கூட்டத்தில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை மணியில் நடந்துவிடக்கூடிய ஒரு சின்னத் தீவில் இருந்தது. மாலேயிலிருந்து உள்நாட்டு விமானம், பிறகு படகு. தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால், கடலின் மூஞ்சியைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள்.

மேப்பைப் பார்த்தால் இன்னும் வயிற்றெரிச்சல். எங்களுக்கு நேர் வடக்கே மினிக்காய், இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. லட்சத்தீவைச் சேர்ந்தது, அதாவது இந்திய மண். அங்கே பேசும் மஹலும் இங்கே பேசும் திவேஹியும் ஒரே மொழியின் இரண்டு வழக்குகள். ஆனாலும் நடுவிலிருக்கும் எட்டு டிகிரிக் கால்வாயை நேராகத் தாண்டி நான் ஊருக்குப் போனதில்லை. தெற்கே மாலேக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி வடக்கே ஏறுவேன்.

ஊர் நினைப்பு ராத்திரியில் வரும் என்பார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் வந்தது. மாலத்தீவில் ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி. வெள்ளியும் சனியும் லீவு. ஜும்ஆ நேரத்தில் கடைகளை அடைத்துவிடுவார்கள், தெருவில் பூனை மட்டும் நடமாடும். அந்நேரம் பார்த்துத் தம்பிக்குப் போன் போட்டால், "அக்கா, ஆபீஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் கூடி மீன்குழம்பு சாப்பிடும்போது அவர்கள் கூப்பிடுவார்கள். நான் அடுத்த நாள் பாடத்துக்கு நோட்ஸ் எழுதிக்கொண்டிருப்பேன். நேர வித்தியாசம் வெறும் அரை மணிதான். கிழமைதான் எங்களைப் பிரித்தது.

ஏக்கத்தையாவது வேலையில் அமுக்கிவிடலாம். கவலை அப்படியில்லை. அம்மா எப்போதும் "எல்லாரும் நல்லா இருக்கோம் மக்ளே" என்றுதான் ஆரம்பிப்பாள். ஒரு நாள் வீடியோவின் ஓரத்தில் அப்பா கறுப்புக் கண்ணாடியோடு கடந்து போனார். அப்பாவுக்கு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று கேட்டேன்.

"வெயிலு மக்ளே."

மணி ராத்திரி எட்டு. துருவிக் கேட்ட பிறகுதான், கண்புரை ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாளாகிவிட்டது என்று தெரிந்தது. பயப்படுகிற விஷயமில்லைதான். ஆனால் இதை மறைத்தவர்கள் எதைத்தான் மறைக்க மாட்டார்கள்? அன்றைக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் தம்பியிடம் கறாராகப் பேசிவிட்டேன்: நல்லதோ கெட்டதோ, அன்றன்றைக்கு எனக்குச் சொல்லிவிட வேண்டும்; அம்மா தடுத்தாலும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் தரக்கூடிய ஒரே யோசனை இதுதான். தியானம், யோகா எல்லாம் அப்புறம்.

பணக் கவலை தனி. சம்பளம் ருஃபியாவில். டாலருக்கு 15.42 என்பது அதிகாரபூர்வ விலை. அந்த விலைக்கு டாலர் கிடைப்பதுதான் பாடு. ஸ்டாஃப் ரூமில் இந்திய ஆசிரியர்கள் கூடினால் பாதிப் பேச்சு இதுவாகத்தான் இருக்கும். நான் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவேன்.

வகுப்பில் பிழைத்துக்கொண்டேன் என்றே சொல்ல வேண்டும். திவேஹியின் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். சின்ன வகுப்புப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு ஆங்கில நோட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து திறக்கும். பெரிய வகுப்பு வேறு மாதிரி. பத்தாம் வகுப்புக்கு, வீட்டைப் பிரிந்திருப்பது பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். என் மனசில் ஓடியதையே தலைப்பாகக் கொடுத்தேன் என்பது உண்மை. ரிசார்ட்டில் வேலை பார்க்கும் அப்பாவைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தாள்: அப்பா வந்த முதல் நாள் விருந்தாளி மாதிரி இருக்கிறார், மூன்றாம் நாள்தான் அப்பா ஆகிறார், நாலாம் நாள் படகேறிவிடுகிறார். சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கமா போட்டேன். மற்ற நோட்டுகளிலும் ஏறக்குறைய அதே கதை. அண்ணன் ரிசார்ட்டில், அக்கா மாலேயில் சித்தி வீட்டில். பத்தாவது முடிந்ததும் இவர்களில் பலருக்கும் மேலே படிக்க மாலேயோ வேறு பெரிய தீவோதான். வீட்டை விட்டு வந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு அந்த நோட்டுகளைத் திருத்தி முடிப்பதற்குள் கரைந்துபோயிற்று.

வீட்டுக்கார தத்தாவுக்கும் (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இரண்டு பையன்கள் வெளியில். சாயங்காலம் வாசலில் ஜோலியில் சாய்ந்திருப்பார். இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய வரிசை நாற்காலி அது. அவர் சினிமா பார்த்து இந்தி கற்றவர். இந்தியாக்காரிக்கு இந்தி தெரியாது என்பதைக் கடைசிவரை அவர் நம்பவேயில்லை. மஃரிப் முடிந்து பையன்களோடு பேசுவார். வீடியோ மட்டும் கூடாது. முகத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சோறு இறங்காதாம். பேசி முடித்ததும் தேங்காய்த் துருவலும் சூரை மீனும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மஸ் ஹுனியை ரொஷியோடு ஒரு தட்டில் என் பக்கம் தள்ளுவார். அழுத மூஞ்சியோடு போய் உட்கார்ந்தாலும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் கேட்காதது எனக்குப் பெரிய ஆறுதல். நம் ஊரில் என்றால் தெருவே கேட்டிருக்கும்.

தத்தாவைப் பார்த்து நானும் வீடியோவை நிறுத்தினேன். குரல் மட்டும் கேட்டால் அம்மா பொய் சொல்வது இன்னும் சுலபமாகத் தெரிந்தது.

தம்பி வாக்கைக் காப்பாற்றினான். அப்பாவின் அடுத்த கண்ணுக்கும் தேதி குறித்தாயிற்று என்று அவனே கூப்பிட்டுச் சொன்னான். தேதியை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் கைமாறியது.

"அவன் சும்மா சொல்லுதான் மக்ளே. இங்க ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்கோம்."

(தொடரும்)