மிளகாய் மாலை சூடிய எஸ்பெலெத்

பிரான்ஸின் தென்மேற்கே, பாஸ்க் பகுதியில் இருக்கிறது எஸ்பெலெத் கிராமம். பயோன் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்து வந்தோம். வெள்ளைச் சுவர், சிவப்பு ஜன்னல் கதவு, சுவர் நிறைய மிளகாய்ச் சரங்கள்! நாம் வற்றலைக் களத்தில் பரப்புவோம். இவர்கள் நூலில் கோத்து மாலையாகத் தொங்கவிடுகிறார்கள். பிறகு அடுப்புச் சூட்டில் காயவைத்து, கொரகொரப்பாகப் பொடிக்கிறார்கள்.

காரம் ரொம்பக் குறைச்சல், மணம் தூக்கல். மிளகுக்குப் பதில் இதைத்தான் தூவுகிறார்கள். தக்காளி, வெங்காயம், மிளகாய் வதக்கிய 'பிபெராட்', பார்வைக்கு நம்ம தொக்கேதான்!

முன்பெல்லாம் பெண்கள்தான் வீட்டுத் தோட்டத்தில் இதை வளர்த்து, விதை எடுத்து வைத்தார்களாம். கண்ட பொடியும் இதே பெயரில் விற்றால் அந்த உழைப்பு என்னாவது? அதனால்தான் 2000-ல் பிரான்ஸிலும், 2002-ல் ஐரோப்பிய அளவிலும் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். 10 கிராமங்களில் விளைந்தது மட்டுமே இந்தப் பெயரில் விற்கலாம். விலை அதிகம்தான். 'ஏ.ஓ.பி.' முத்திரை பார்த்துச் சின்ன சீசாவாக வாங்குங்கள்.

அக்டோபர் கடைசி சனி, ஞாயிறில் மிளகாய்த் திருவிழா. கூட்டம் நெரியும், குழந்தைகள் கையை விடாதீர்கள், சகோதரிகளே!