சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள்

புற்றுநோய் உறுதியான நாளுக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையில் பெரும்பாலும் சில வாரங்கள் ஓடிவிடும். மார்பகப் புற்றுநோய் என்றால், பயாப்ஸி எடுத்த திசுவில் ஈஆர், பிஆர், ஹெர்2 சோதனைகள் நடக்கும். எந்த மருந்து பலன் தரும் என்பதை அவை காட்டும். வாய்ப் புற்றுநோயில், கதிர்வீச்சுக்கு முன்பே சொத்தைப் பற்களைப் பிடுங்கி, புண் ஆற ஏறத்தாழ 2 வாரம் விடுவார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

காத்திருப்பவருக்கு இரவுதான் பெரும்பாடு. சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும், உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் விடுவதும் மனச்சுமையைக் குறைக்கும். தினமும் சற்று நடப்பது, முட்டை, பருப்பு சேர்த்துச் சாப்பிடுவது, புகையிலையை விடுவது ஆகியவை உடலைச் சிகிச்சைக்குத் தயார்ப்படுத்தும்.

மூச்சுத்திணறல், இரத்தக்கசிவு, தாங்க முடியாத வலி வந்தால் குறித்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.