நீலமாய் வந்தது, ரோஸாய்ப் பூத்தது

நுவரெலியாவில் சித்தி வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலநீலமாய்க் கொத்துவிட்டு நிற்கும். ஒரு கொப்பை ஒடித்து வந்து தெல்தெனியவில் எங்கள் வீட்டுச் சுவரோரம் நட்டு இரண்டு வருஷம். போன வாரம் பூத்தது. நல்ல ரோஸ்!

சித்திக்குப் போன் எடுத்தேன். "நான் குடுத்தது நீலந்தான். நீ எந்த மண்ணுல வச்ச?" என்றார்.

விஷயமே அங்கேதான். இரண்டு நிறத்துக்கும் நிறமி ஒன்றுதான், டெல்பினிடின். அதோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். அலுமினியம் மண்ணில் தாராளமாகவே உண்டு. ஆனால் மண் புளித்து, பீஎச் 5.5-க்குக் கீழே இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். சித்தி ஊர்த் தேயிலைக்குப் பிடித்ததும் அதே புளித்த மண்தான்.

எங்கள் பக்கம் கதை வேறு. பக்கத்துத் திகனையில் டொலமைட் கல் உடைக்கிறார்கள். தோட்டங்களில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுவது டொலமைட் தூளைத்தான். போதாததற்கு நான் நட்டது புதிதாய்ப் பூசிய சீமெந்துச் சுவரடியில். மழைக்குச் சுண்ணாம்பு கரைந்து இறங்கினால் பூ என்ன செய்யும்?

துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலமாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஆணியில் இருப்பது இரும்பு. அவரிடம் சொல்லவில்லை.

படிகாரத்தில் அலுமினியம் உண்டு. சாடியில் வேறொரு கொப்பை நட்டு, அதற்கு மட்டும் கொஞ்சமாய்க் கரைத்து ஊற்றி வருகிறேன். சுவரோரத்து ரோஸ் அப்படியே இருக்கட்டும். சித்தி வந்தால் காட்ட வேண்டும்.