கணக்கு நோட்டு

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடிய காலத்தில் அதில் ஆபீஸ் போனவர்களுக்குச் சீட்டாட்டக் கோஷ்டிகளைத் தெரியாமல் இருக்காது. எதிரெதிர் இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நடுவில் ஒரு சூட்கேஸைப் படுக்கப் போட்டு, மேலே துண்டை விரிப்பார்கள். வண்டி சானடோரியம் தாண்டுவதற்குள் சீட்டைப் போட்டுவிடுவார்கள். சில வருஷம் நானும் அப்படி ஒரு கோஷ்டியில் இருந்தேன். ரம்மிதான், பாயிண்டுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. கை மோசமென்றால் முதலிலேயே ஸ்கூட் விட்டுவிடலாம். பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும்போது எதிராளி டிக்ளேர் பண்ணிவிட்டால் ஃபுல் கவுண்ட்.

எங்கள் கோஷ்டியில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் சீட்டையே தொட மாட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வருவார். சம்பள நாளன்றுதான் பணம் கைமாறும். இந்த மாதம் ஒருவர் எவ்வளவு வரை தோற்கலாம் என்பதும் அன்றைக்கே, புதுக் கணக்கு தொடங்குமுன், பேசி முடிவாகிவிடும். யாராவது அந்தத் தொகையைத் தொட்டுவிட்டால், “தம்பி, இந்த மாசத்துக்கு உனக்குப் போதும். ஜன்னலோரம் உட்கார்ந்து காத்து வாங்கு” என்பார். எனக்கும் அவர் அப்படிச் சொன்னதுண்டு. இளம் ரத்தம், மீனம்பாக்கம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மட்டும் வாய் வரவில்லை. அவருக்கு அந்த ஆட்டத்தில் லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

இந்த வயதில் அந்தப் பெரியவர் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். காரணம், எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்த விஷயம். நல்ல வேலையில் இருக்கும் பையன், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கைபேசியில் ரம்மி ஆடி, சம்பளத்தை விட்டு, அதை மீட்கக் கடன் செயலிகளில் வாங்கி, அதையும் விட்டிருக்கிறான். அவன் அப்பா என்னிடம் வந்து, “அண்ணா, அந்த ஆட்டத்திலேயே ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு வரம்பு வெச்சுக்கலாமாம். இவனும் வெச்சிருக்கான். அப்புறம் எப்படிண்ணா இப்படி ஆச்சு?” என்றார். பையனே பதில் சொன்னான்: “ஒண்ணுல லிமிட் முடிஞ்சா இன்னொண்ணை இறக்கிக்குவேன் பெரியப்பா.” நோட்டு அவன் கையிலேயே இருந்தது. ஒன்றல்ல, பல நோட்டுகள்.

அந்த ரயில் ஆட்டத்துக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. அன்று தோற்றவன் சம்பளக் கவரைப் பிரித்து, நோட்டை எண்ணி, இன்னொருவன் கையில் வைக்க வேண்டும். எண்ணும்போதே மளிகைக் கடைப் பாக்கியும் பள்ளிக்கூடச் சம்பளமும் மனசில் வந்து நிற்கும். இன்று யூபிஐயில் ரகசிய எண்ணைத் தட்டினால் முடிந்தது. காய்கறிக்காரருக்குக் கொடுக்க இது எவ்வளவு வசதியோ, தோற்ற ஆத்திரத்தில் இருப்பவனுக்கு அவ்வளவு ஆபத்து.

சூதாட்டத்தை உரிமம் கொடுத்து நடத்தவிடும் நாடுகள் இதையெல்லாம் பார்த்துத்தான் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கின்றன. ஜெர்மனியில் ஒருவர் எத்தனை தளங்களில் ஆடினாலும் எல்லாம் சேர்த்து மாதம் 1,000 யூரோதான் போடலாம் என்பது 2021-இல் வந்த பொது விதி. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டால் சூதாடப் பணம் கட்ட முடியாது. நம் சொந்தபந்தங்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில், ஒருவரைக் கசினோவுக்குள் விடக்கூடாது என்று அவர் குடும்பத்தாரே விண்ணப்பித்துத் தடை வாங்கலாம். இந்தச் சிங்கப்பூர் ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நோட்டு மனைவி கையிலோ அம்மா கையிலோ வந்துவிடுகிறதே.

நம் ஊரில் சட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. 2020-இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, புதுச் சட்டம் இயற்றி, ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 தொடக்கத்தில் விதிமுறைகள் வந்தன: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நாள், வாரம், மாதம் என்று பண வரம்பு வைக்க வேண்டும். அந்த ஐந்து மணி நேரத் தடையை எழுதியவருக்கு நான் மனசார நன்றி சொல்வேன். பையன் தோற்றதெல்லாம் அந்த நேரத்தில்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்து, வங்கிகள் அவற்றுக்குப் பணம் செலுத்த வழிவிடக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின.

அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. வெளிநாட்டிலிருந்து நடக்கும் தளங்கள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஆள் பிடிக்கின்றன. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்கின்றன. அந்தக் கணக்கு மோசடி வழக்கில் சிக்கினால் அதோடு கொடுக்கல் வாங்கல் வைத்த உங்கள் கணக்கும் முடங்கலாம். அங்கே வரம்பும் கிடையாது, முறையிட ஆளும் கிடையாது.

ஆகவே பூட்டை வங்கியில்தான் போட வேண்டும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி கார்டின் ஆன்லைன் உபயோகத்தை நாமே அணைத்து வைக்கலாம், அதற்கு உச்சவரம்பும் வைக்கலாம். பல வங்கிச் செயலிகளில் யூபிஐ தொகையையும் குறைத்து வைக்க முடியும்.

எங்கள் தெருப் பையன் விஷயத்தில் அவன் அம்மா இன்னொரு காரியம் செய்தார். சம்பளக் கணக்கிலிருந்து யூபிஐயை எடுக்கச் சொல்லி, அந்தக் கார்டையும் வாங்கிக்கொண்டார். தனியாக ஒரு சின்னக் கணக்குத் திறந்து அதில் மட்டும் யூபிஐ. பஸ், டீ, பெட்ரோலுக்கு என்று திங்கட்கிழமை காலையில் அவரே அதில் பணம் போடுவார். திட்டவில்லை, தெருவில் யாரிடமும் புலம்பவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பையன் பேசினான். கடன் இன்னும் அடைந்து முடியவில்லை. மாசா மாசம் கட்டிக்கொண்டிருக்கிறான்.